வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும் போன்: இங்கிலாந்தில் ஃபாஸ்டர் கேரராக இருக்க ஒரு முழு வழிகாட்டி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் போன் அடித்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். வார இறுதிக்காக கவுன்சில் என்கிற உள்ளாட்சி ஆபீஸ் மூடுவதற்குள், அன்றிரவு படுக்க இடமில்லாத ஒரு பிள்ளைக்கு வீடு தேடுகிற நேரம் அது. "ஆறு வயசுப் பையன். ரெண்டு ராத்திரிதான். முடியுமா?" என்று ஒருமுறை கேட்டார்கள். அந்த ரெண்டு ராத்திரி பதினான்கு மாதம் ஆனது.

நானும் என் வீட்டுக்காரரும் லண்டனை ஒட்டிய ஓர் ஊரில் ஒன்பது வருடமாக ஃபாஸ்டர் கேரர்களாக இருக்கிறோம். அதாவது, பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைகளைக் கவுன்சிலுக்காக எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். சொந்த ஊர் திருச்சி. "நாங்களும் செய்யலாமா? எப்படி இருக்கும்?" என்று தெரிந்தவர்கள் கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். இதில் உள்ள சட்டமும் நடைமுறையும் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு. பிள்ளைகளின் வயது முதலான சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், பெயர் எதுவும் சொல்லவில்லை. ஏன் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

1. தத்து வேறு, இது வேறு

தத்தெடுத்தால் பிள்ளை சட்டப்படி உங்களுடையது. ஃபாஸ்டர் கேரில் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கும், உங்கள் கையால் சாப்பிடும், காய்ச்சல் வந்தால் உங்கள் தோளில் தூங்கும். ஆனால் பெற்றோருக்கு உள்ள சட்ட உரிமை உங்களுக்கு வராது. 1989-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 20-வது பிரிவின்படி பெற்றோரே சம்மதித்து அனுப்பிய பிள்ளை என்றால் உரிமை முழுவதும் பெற்றோரிடம்தான். நீதிமன்றம் பராமரிப்பு உத்தரவு போட்டிருந்தால் கவுன்சிலுக்கும் அந்த உரிமை உண்டு, பெரிய விஷயங்களில் கவுன்சில் சொல்வதே நடக்கும். இப்படிப்பட்ட வழக்குகளை 26 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2014-இல் சட்டம் போட்டார்கள். நடைமுறையில் இழுக்கும்.

2024 மார்ச் இறுதியில் இங்கிலாந்தில் கவுன்சில்களின் பராமரிப்பில் 83,630 பிள்ளைகள் இருந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் ஃபாஸ்டர் வீடுகளில். சிலர் பெற்றோரிடமே திரும்பிப் போவார்கள், சிலர் பாட்டி வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ போவார்கள், சிலரைத் தத்துக் கொடுப்பார்கள், சிலர் 18 வயது வரை உங்களிடமே இருப்பார்கள். எது நடக்கும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை. உங்கள் கையில் இருப்பது இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பதும், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு இருக்கிறது என்பதும்தான். இது எனக்கு மனசில் இறங்க இரண்டு வருடம் பிடித்தது.

2. விண்ணப்பத்திலிருந்து பேனல் வரை

பொதுவாக 21 வயது ஆகியிருக்க வேண்டும். வீடு சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, வாடகை வீடும் போதும். ஆனால் பிள்ளைக்கென்று ஓர் அறை காலியாக வேண்டும். தனியாக இருப்பவர்களும் செய்யலாம்.

கவுன்சிலிடம் நேராக விண்ணப்பிக்கலாம், அல்லது தனியார் ஃபாஸ்டரிங் ஏஜென்சி வழியாகப் போகலாம். பிள்ளைக்கு இடம் தேடும்போது கவுன்சில் பெரும்பாலும் முதலில் தன்னுடைய கேரர்களைத்தான் கூப்பிடும். ஏஜென்சிகளில் பல கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும். இரண்டு பக்கமும் பேசிப் பாருங்கள். நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: "ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டால் யார் போனை எடுப்பார்கள்?" பதில் சொல்ல அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

விண்ணப்பித்ததிலிருந்து முடிவு வர எட்டு மாதம் வரை ஆகலாம். வீட்டில் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் குற்றப் பதிவுச் சோதனை, உங்களுக்கு மருத்துவப் பரிசோதனை, உங்களைத் தெரிந்தவர்களிடம் விசாரணை, சில நாள் பயிற்சி, அப்புறம் ஒரு சோஷியல் வொர்க்கர் பலமுறை வீட்டுக்கு வந்து எழுதும் நீண்ட அறிக்கை. அதை எல்லோரும் 'ஃபார்ம் எஃப்' என்பார்கள்.

நம்மவர்கள் திணறுவது இந்த அறிக்கைக்கான பேச்சில்தான். "சின்ன வயசில் உங்களை அடித்திருக்கிறார்களா?" என்று கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். அடிக்காத வீடு எங்கள் தெருவில் இருந்ததா? சிரித்தது தப்பில்லை, ஆனால் அதற்கு அடுத்த கேள்விக்குச் சிரிப்பு உதவவில்லை. "அடி வாங்கிய அன்றைக்கு ராத்திரி எங்கே போய்ப் படுத்தீர்கள்?" உண்மையைச் சொல்லுங்கள். குறையில்லாத குடும்பத்தைத் தேடி அவர்கள் வருவதில்லை. தன் குழந்தைப் பருவத்தைத் திரும்பிப் பார்க்கத் தெரிந்தவரா என்பதைத்தான் பார்க்கிறார்கள். ஃபாஸ்டர் பிள்ளையை அடிப்பது விதிப்படி முழுக்கத் தடை. இங்கிலாந்தில் பெற்றோருக்குச் சட்டம் கொடுக்கும் சின்ன விலக்குகூட நமக்குக் கிடையாது. "சும்மா தலையில் ஒரு தட்டு" என்பதும் அடிதான்.

வீட்டுப் பழக்கங்களையும் அலசுவார்கள். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை லுங்கியும் வெறும் மேலுமாக ஹாலில் பேப்பர் படிப்பவர். அன்றோடு டி-ஷர்ட் ஏறியது. பிள்ளை நம் படுக்கைக்கு வரக்கூடாது, குளியலறைக் கதவை யார் எப்போது தட்டலாம், ராத்திரி உடை எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டு விதி எழுதி வைக்க வேண்டும்.

இதெல்லாம் அவமானமாகப் படும். எனக்குப் பட்டது. அப்போது பயிற்சியில் ஒரு சிறுவனைப் பற்றிச் சொன்னார்கள். டென்னிஸ் ஓநீல், 12 வயது. ஷ்ராப்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் ஃபாஸ்டர் பிள்ளையாக வைக்கப்பட்டவன். பட்டினியிலும் அடியிலும் 1945 ஜனவரியில் இறந்துபோனான். அவனை ஒழுங்காகப் போய்ப் பார்த்தவர்கள் இல்லை. அந்தச் சாவின் அதிர்ச்சிக்குப் பிறகுதான் 1946-இல் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்த கர்ட்டிஸ் அறிக்கையும் 1948-இல் குழந்தைகள் சட்டமும் வந்தன. அதைக் கேட்ட பிறகு சோஷியல் வொர்க்கர் என் அலமாரியைத் திறந்து பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை.

கடைசியில் பேனல், அதாவது விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழு. ஒரு மேஜையைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். அவர்கள் பரிந்துரைப்பார்கள், இறுதி முடிவை ஏஜென்சியிலோ கவுன்சிலிலோ அதற்கென்று இருக்கும் ஒருவர் எடுப்பார். ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று ஃபாஸ்டர் பிள்ளைகள் வரைதான். அண்ணன் தம்பி அக்கா தங்கைகள் என்றால் விலக்கு உண்டு.

3. போன் வந்தால் என்ன கேட்பது

அவசரத்தில் "சரி" என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது, என்ன சாப்பிட்டது, அலர்ஜி உண்டா, மருந்து உண்டா, நாயென்றால் பயமா, எந்தப் பள்ளி, எவ்வளவு தூரம், பெற்றோருக்கு நம் முகவரி தெரியலாமா, இதற்கு முன் எத்தனை வீடு. கடைசிக் கேள்விக்கு "இது நாலாவது" என்று பதில் வந்தால், முந்தைய மூன்றும் ஏன் முறிந்தன என்று கேளுங்கள். அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். கேட்டதைக் குறித்து வையுங்கள்.

முடியாதென்றால் முடியாது என்று சொல்லுங்கள். பாவம் பார்த்து ஏற்றுக்கொண்டு, வழக்கமான 28 நாள் நோட்டீஸ் கொடுத்து மூன்றாவது மாதம் திருப்பி அனுப்புவது அந்தப் பிள்ளைக்கு ஐந்தாவது வீட்டைக் கொடுப்பதாகும்.

4. முதல் ராத்திரி

அந்த ஆறு வயதுப் பையன் வந்தபோது இரவு மணி ஒன்பது நாற்பது. ஒரு சூப்பர்மார்க்கெட் பை, அதில் இரண்டு உடுப்பு, ஒரு கை ஒடிந்த டைனோசர். சோஷியல் வொர்க்கர் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது அவன் வாசல் மிதியடியில் நின்றுகொண்டே இருந்தான். நான் செய்த முதல் தப்பு, "ஷூவைக் கழற்றிட்டு வாப்பா" என்று ஆங்கிலத்தில் சொன்னது. நம் வீட்டில் அது மூச்சு விடுவது மாதிரி வருகிற வார்த்தை. அவனுக்கோ அந்த ஷூதான் வீட்டிலிருந்து வந்த கடைசிப் பொருள். கழற்றவில்லை. அன்றிரவு ஷூவோடு படுத்தான். நான் படுக்கை விரிப்பின் கால் பக்கத்தில் ஒரு பழைய துண்டை விரித்துவிட்டு வந்தேன். நான்காம் நாள் அவனே கழற்றி, என் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தான்.

அதனால் நான் சொல்வது: முதல் ராத்திரி எந்த விதியும் வேண்டாம். குளிக்கச் சொல்ல வேண்டாம், கதை கேட்க வேண்டாம். கழிவறை எது, உங்கள் அறை எது, விளக்கு ஸ்விட்ச் எங்கே, மூன்றையும் நடந்து காட்டுங்கள். மாடிப்படியில் இரவு விளக்கை அணைக்காதீர்கள். அவன் கொண்டுவந்த துணியை, எவ்வளவு அழுக்காக இருந்தாலும், கேட்காமல் துவைக்காதீர்கள். அதில் அம்மாவின் வாசனை இருக்கும்.

அலமாரியில் எப்போதும் இருக்க வேண்டியவை சில: பிரிக்காத டூத் பிரஷ், வெவ்வேறு அளவில் நைட் டிரஸ், நாப்பி, யாரும் பயன்படுத்தாத, பெயர் எழுதாத ஒரு நல்ல சூட்கேஸ். பிள்ளைகளின் பொருட்களைக் குப்பைப் பையில் போட்டு வீடு மாற்றுவது இந்த நாட்டில் இன்னும் நடக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து யாரும் அப்படிப் போகக்கூடாது.

5. சாப்பாடு

எங்கள் வீட்டில் கடுகு வெடித்தால் அவன் காதைப் பொத்திக்கொள்வான். பெருங்காய வாசனைக்கு மாடிக்கு ஓடிவிடுவான். ஒரு மாதம் ஃபிஷ் ஃபிங்கர், பால் ஊற்றாத சீரியல், வெள்ளை பிரெட். ஊட்டச்சத்து பற்றி எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டதை நிறுத்தினேன். பழகிய சாப்பாடு என்பது அவனுக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே தெரிந்த முகம்.

மூன்றாம் வாரம் தலையணை உறை மாற்றும்போது உள்ளே சுருட்டி வைத்த ஒரு சப்பாத்தி கிடந்தது, கல் மாதிரி காய்ந்து. மெத்தைக்கு அடியில் பிஸ்கட், ஒரு கடித்த ஆப்பிள். திருட்டு என்று நினைக்காதீர்கள், அறிவுரையும் சொல்லாதீர்கள். அடுத்த வேளை சாப்பாடு வரும் என்று நம்ப முடியாத வீட்டிலிருந்து வந்த பிள்ளைகள் நிறையப் பேர் இப்படிச் செய்வார்கள். சமையலறையின் கீழ்த் தட்டில் ஒரு டப்பா வைத்து அவன் பெயரை எழுதினேன். வாழைப்பழம், பிஸ்கட், சின்னச் சீஸ் பாக்கெட். "எப்ப வேணாலும் எடுத்துக்கலாம், கேட்க வேண்டாம், தீர்ந்தா நான் நிரப்புவேன்." முதல் இரண்டு நாள் அரை மணிக்கு ஒருதரம் காலி செய்தான். நிரப்பினேன். ஐந்தாவது வாரம் டப்பாவில் வாழைப்பழம் கறுத்துப்போனது. அதைத் தூக்கி எறியும்போது எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். பிறகு தோசை பிடித்தது. நெய் ஊற்றி, சட்னி இல்லாமல், சர்க்கரை தொட்டு.

முஸ்லிம் வீட்டுப் பிள்ளை என்றால் ஹலால் வாங்க வேண்டும், கறி சாப்பிடும் வீட்டுப் பிள்ளையை நம் சைவத்துக்கு மாற்றக்கூடாது. தீவிர சைவக் குடும்பங்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

6. தினமும் எழுதுவது

இந்த வேலையில் பாதி எழுத்து. ஒவ்வொரு நாளும் டெய்லி லாக், அதாவது பிள்ளையைப் பற்றிய அன்றாடக் குறிப்பு எழுத வேண்டும், அன்றைக்கே. நான் பாத்திரம் கழுவி முடித்த கையோடு உட்கார்ந்துவிடுவேன், மறுநாளுக்குத் தள்ளினால் நேரம் குழம்பும்.

தொடக்கத்தில் நான் எழுதிய லாக் ஒன்று இப்படி இருந்தது (எழுதுவது ஆங்கிலத்தில், இங்கே தமிழில் தருகிறேன்): "இன்று ரொம்ப முரட்டுத்தனம். அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாலே இப்படித்தான்." எங்கள் சோஷியல் வொர்க்கர் அதைப் படித்துவிட்டு, முரட்டுத்தனம் என்றால் கை என்ன செய்தது, வாய் என்ன சொன்னது என்று கேட்டார். இப்போது எழுதுவது இப்படி: "மாலை 5.20. அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தான். ஷூவைக் கதவில் எறிந்தான். 'போ' என்று இரண்டு முறை கத்தினான். நான் பின்னால் போகவில்லை, சமையலறையில் நின்றேன். 5.45-க்கு வந்து தோசை கேட்டான். இரண்டு சாப்பிட்டான்." பார்த்தது, கேட்டது, நாம் செய்தது. காரணம் சொல்வதானால், அது நம் கருத்து என்று தனியாக எழுதுங்கள்.

பிள்ளை ஏதாவது கொடுமையைச் சொன்னால் அதன் வார்த்தையிலேயே எழுதுங்கள். குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், உடனே போன் செய்யுங்கள். லாக் நீதிமன்றம் வரை போகலாம்.

அதைவிட எனக்கு நினைவில் இருப்பது வேறொன்று. பராமரிப்பில் இருந்த பிள்ளையின் கோப்பை அதன் 75-வது பிறந்தநாள் வரை கவுன்சில் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. பெரியவனான பிறகு அவன் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். முப்பது வயதில் ஒருவன் தன்னைப் பற்றித் தேடும்போது கிடைக்கப்போகும் வரிகள் நீங்கள் எழுதியவைதான். அதனால் பல் விழுந்த நாள், முதல்முறை சைக்கிள் ஓட்டியது, என்ன ஜோக் சொல்லிச் சிரித்தான், இவற்றையும் எழுதுங்கள். போட்டோ எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். மற்ற பிள்ளைகளின் வீட்டில் அம்மாவின் ஞாபகத்தில் இருப்பது இவர்களுக்குக் காகிதத்தில்தான் இருக்கும்.

7. எது நம் முடிவு, எது இல்லை

பிள்ளை வரும்போதோ வந்த சில நாளிலோ ஒரு கூட்டம் போட்டு, எந்த முடிவை நாமே எடுக்கலாம் என்று எழுதித் தருவார்கள். பள்ளிச் சுற்றுலாவுக்குக் கையெழுத்து, நண்பன் வீட்டில் ஒரு ராத்திரி தங்குவது, முடி வெட்டுவது, தடுப்பூசி, போட்டோ வெளியிடுவது. இந்தக் காகிதம் இல்லாமல் கூட்டத்தை முடிக்க விடாதீர்கள்.

நான் மாட்டிக்கொண்டது முடியில். கண்ணில் விழுகிறதே என்று ஒரு சிறுமியின் முன்முடியை ஒரு விரற்கடை வெட்டினேன். அம்மா சம்மதித்து அனுப்பிய பிள்ளை அது. அடுத்த சந்திப்பில் அந்த அம்மா அழுத அழுகை! என் மகளுக்கு வேறு யாரோ கேட்காமல் மொட்டை போட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். காது குத்துவதும் இதே கதைதான். கேட்காமல் குத்தவே கூடாது.

மதத்தில் சட்டமே தெளிவாகச் சொல்கிறது: பராமரிப்பு உத்தரவில் இருக்கும் பிள்ளையை அதன் பிறந்த மதத்திலிருந்து வேறு மதத்தில் வளர்க்கக் கவுன்சிலுக்கு அதிகாரமில்லை. அப்புறம் நமக்கு ஏது? நான் காலையில் விபூதி பூசும்போது ஒரு பிள்ளை தனக்கும் கேட்டது. சோஷியல் வொர்க்கர் வழியாக அம்மாவிடம் கேட்ட பிறகுதான் சொல்கிறேன் என்றேன்.

ஊருக்குப் போவது பெரிய தலைவலி. பாஸ்போர்ட் இருக்காது. விண்ணப்பிக்கவே மாதங்கள் ஆகும். பெற்றோர் சம்மதமோ கவுன்சில் அனுமதியோ எழுத்தில் வேண்டும். டிக்கெட்டைக் கடைசியில் வாங்குங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் வேறொரு கேரர் இரண்டு வாரம் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வார்கள். ஆனால் "அவங்க எல்லாரும் போனாங்க, என்னை மட்டும் விட்டுட்டாங்க" என்பதைப் பிள்ளை மறக்காது. ஒரு வருடம் நாங்கள் யாருமே போகவில்லை. மாமியாருக்குக் கோபம்.

8. அம்மாவைப் பார்க்கும் நாள்

பிறந்த குடும்பத்தைச் சந்திப்பதை முன்பு கான்டாக்ட் என்பார்கள், இப்போது ஃபேமிலி டைம் என்று சொல்லப் பழக்குகிறார்கள். பெரும்பாலும் ஒரு மையத்தில், மேற்பார்வையோடு நடக்கும். கூட்டிப்போய் விடுவதும் அழைத்துவருவதும் பல நேரம் நாம்தான்.

அன்றைக்கு வேறு எந்த வேலையும் வைக்காதீர்கள். முதல் நாள் ராத்திரி தூக்கம் வராது, படுக்கை நனையலாம். திரும்பி வந்த பிறகு இரண்டு மணி நேரம் வீட்டில் புயல் அடிக்கும். காரில் "எப்படி இருந்தது?" என்று கேட்காமல் ஓட்டுங்கள், சாப்பிட ஏதாவது கையில் கொடுங்கள். அம்மா வராமல் போகிற நாளும் உண்டு. மையத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் முப்பது நிமிடம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை. "வரலை. உனக்குக் கஷ்டமா இருக்கு" என்பது போதும். அவர்களைக் குறை சொல்லிவிடாதீர்கள். அம்மாவைத் திட்டினால் பிள்ளையின் பாதியைத் திட்டியதாகிறது.

அந்தப் பையனின் அம்மா ஒருமுறை புது ஷூ வாங்கி வந்தார். நல்ல விலை, அவர் கையில் அவ்வளவு பணம் இருந்திருக்க முடியாது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் காலில் ஏறவில்லை. அவருக்கு ஞாபகம் இருந்த அளவு ஆறு மாதத்துக்கு முந்தையது. பையன் விரலை மடக்கி மடக்கித் திணித்தான். "பெரிசாயிட்ட, அதான்" என்று சொல்லிவிட்டு அதை அவன் அலமாரியில் மேல் தட்டில் வைத்தேன். சோஷியல் வொர்க்கரிடம், அடுத்த முறை அம்மாவிடம் பேச்சுவாக்கில் இப்போதைய அளவைச் சொல்லிவிடுங்கள் என்றேன். அதன் பிறகு அவர் எது வாங்கினாலும் முன்னாலேயே அளவு கேட்டனுப்புவார். நான் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்து, என்ன சாப்பிட்டான், எவ்வளவு வளர்ந்தான் என்று எழுதிக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தேன். அதற்குப் பதிலாக அவர் எழுதிய முதல் வரி, அவனுக்கு எந்தப் பாட்டுப் பாடினால் தூக்கம் வரும் என்பது.

9. காலண்டரில் குறிக்க வேண்டியவை

பிள்ளையின் சோஷியல் வொர்க்கர் முதல் வாரத்துக்குள் வர வேண்டும், பிறகு முதல் வருடம் ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது. பிள்ளையைத் தனியாகப் பார்த்துப் பேசுவார், கதவைச் சாத்தினால் வருத்தப்படாதீர்கள். முதல் மறுஆய்வுக் கூட்டம் 20 வேலை நாளுக்குள், அடுத்தது மூன்று மாதத்துக்குள், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்று. முதல் மருத்துவப் பரிசோதனையும் அதே 20 நாளுக்குள். பிறகு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பெரியவர்களுக்கு வருடம் ஒருமுறை. பள்ளியில் தனிக் கல்வித் திட்டம், ஒவ்வொரு டெர்மும் கூட்டம். நமக்கென்று இருக்கும் சோஷியல் வொர்க்கர் தனி, அவர் வருடத்தில் ஒருமுறையாவது சொல்லாமல் வருவார். முதல் 12 மாதத்துக்குள் நாம் முடிக்க வேண்டிய பயிற்சிக் கோப்பு ஒன்று இருக்கிறது. வருடாந்திர மறுஆய்வும் உண்டு.

பராமரிப்பில் உள்ள பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கையில் முதலிடம் உண்டு, இடமில்லை என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். அப்புறம், ஆசிரியரிடம் முன்னாலேயே பேசி வையுங்கள்: குடும்ப மரம் வரைவது, குழந்தைப் படம் கொண்டுவருவது, அன்னையர் தின வாழ்த்து அட்டை. இந்த மூன்றும் வரும் வாரங்களில் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்கு மனப்பாடம்.

10. நம்ம ஆட்கள்

கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போனால் பத்து நிமிடத்தில் யாராவது வருவார்கள். "இது யாரு பிள்ளை? வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரி இருக்கு? அம்மா அப்பா இல்லையா? என்ன ஆச்சு?" பிள்ளை பக்கத்தில் நிற்கும். பாசத்தில்தான் கேட்கிறார்கள், இருந்தாலும் பதில் சொல்ல நமக்கு உரிமையில்லை. பிள்ளையிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், யாராவது கேட்டால் என்ன சொல்லட்டும் என்று. ஒன்பது வயதுக்காரி ஒருத்தி, "உங்க ஃபிரெண்டுன்னு சொல்லுங்க" என்றாள். அப்படியே சொன்னேன். அதற்கு மேல் கேட்ட அத்தையிடம் சாம்பார் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழ் வீடு கிடைத்தால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்போம். பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் ஒரு பதினைந்து வயதுப் பெண் எங்களிடம் வந்தபோது தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது: நாங்கள் யாருக்காவது தெரிந்தவர்களாக இருப்போம், செய்தி அவள் அப்பா காதுக்குப் போய்விடும் என்ற பயம். தமிழ்க் கடைக்கு வரமாட்டாள், என் தோழிகள் வந்தால் அறையைப் பூட்டிக்கொள்வாள். அவள் இருந்த வரை வீட்டில் விருந்தாளி வருவதைக் குறைத்தோம். ஒருநாள் ராத்திரி ரசம் வாசனைக்கு இறங்கி வந்து, "அம்மம்மா இதில மிளகு கூடப் போடுவா" என்றாள். அவ்வளவுதான். நான் மிளகு தட்டினேன்.

11. பணம்

வாரப்படி வரும். பிள்ளையின் வயதையும் ஊரையும் பொறுத்துக் குறைந்தபட்சத் தொகையை அரசு வருடந்தோறும் நிர்ணயிக்கிறது, லண்டனில் கூடுதல். பல இடங்களில் அதற்கு மேல் கேரருக்கென்று ஒரு கட்டணமும் தருவார்கள். பிள்ளை இல்லாத வாரங்களில் பெரும்பாலும் ஒன்றும் வராது. வீட்டுக் கடனை இதை நம்பிக் கட்டாதீர்கள்.

வரிக்குச் சுயதொழில் செய்பவராகப் பதிவு செய்ய வேண்டும். சலுகை தாராளமானது: 2024-25 வரி ஆண்டில் ஒரு வீட்டுக்கு 19,360 பவுண்டும், அதோடு 11 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வாரம் 405, அதற்கு மேற்பட்டவருக்கு வாரம் 485 பவுண்டும் வரை வரி இல்லாமல் இருந்தது. எங்களைப் போன்ற பலருக்கு வரியே வராது. கைச்செலவுப் பணமும் சேமிப்பும் பிள்ளையின் பெயரில் தவறாமல் போடுங்கள், ரசீது வையுங்கள். ஒரு வருடம் பராமரிப்பில் இருந்த பிள்ளைக்கு அரசு 200 பவுண்டு போட்டு ஜூனியர் ஐசா என்கிற சிறுவர் சேமிப்புக் கணக்கு திறக்கும். அது நடந்ததா என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

12. உங்கள் மேல் புகார் வந்தால்

வரலாம். எங்கள் மேலும் ஒருமுறை வந்தது. ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தேன் என்று. ஏழு வாரம் விசாரணை. அந்த நாட்களில் நமக்கான சோஷியல் வொர்க்கர்கூட நிறையப் பேச முடியாது. யாரும் நம்பவில்லை என்று தோன்றும். என்னைக் காப்பாற்றியது அன்றைய லாக்கில் எழுதிய மூன்று வரி: பிள்ளை ரோட்டில் ஓடியதையும், நான் கையைப் பிடித்ததையும், அதை அன்றே போனில் சொன்ன நேரத்தையும் எழுதியிருந்தேன். கேரர்களுக்கான சட்ட உதவிக் காப்பீடு இருக்கிறதா என்று புகார் வருவதற்கு முன்னாலேயே பார்த்து வையுங்கள். பிள்ளைமேல் கோபப்படாதீர்கள். புகார் சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்ததே நாம்தான்.

13. போகும் நாள்

முடிந்தவரை மெதுவாக நடக்க வேண்டும்: போகப்போகும் வீட்டார் முதலில் நம் வீட்டுக்கு வருவது, பிறகு பிள்ளை அங்கே ஒரு மதியம், ஒரு ராத்திரி, ஒரு வார இறுதி. 18 ஆனவர்கள், இரு தரப்புக்கும் விருப்பமென்றால், 21 வயது வரை உங்களோடு இருக்கவும் 2014 சட்டத்தில் வழி உண்டு.

அந்தப் பையன் அம்மாவிடம் திரும்பினான். சூட்கேஸை அவனோடு சேர்ந்து அடுக்கினேன். லாக்கிலிருந்து எடுத்த போட்டோக்கள், விழுந்த பல், கை ஒடிந்த டைனோசர், ஏறாத அந்த ஷூ. சமையலறை டப்பாவையும் கேட்டான், பெயர் எழுதியதை. கொடுத்தேன். அவன் அம்மாவுக்குத் தோசை மாவு அரைக்கும் அளவை எழுதித் தந்தேன், கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் இடத்தையும்.

போன பிறகு உடனே அடுத்த பிள்ளையை ஏற்க வேண்டாம். இரண்டு மூன்று வாரம் இடைவெளி வேண்டும் என்று சொல்லுங்கள், சம்பளம் இல்லாவிட்டாலும். வீட்டில் சொந்தப் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் தம்பியை இழந்திருக்கிறார்கள். என் மகள் ஒரு வாரம் அவன் அறையில் போய்ப் படுத்தாள்.

பள்ளியிடம் உங்கள் எண்ணை நீக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் குறுஞ்செய்தி வந்துகொண்டே இருக்கும். "நாளை நீச்சல் வகுப்பு, துண்டு மறக்காதீர்கள்" என்று அவன் போன பிறகும் செவ்வாய்க்கிழமைதோறும் வந்தது. நான் ஒரு மாதம் கழித்துத்தான் போன் செய்தேன்.